இணையக் கோபுரம் அடுத்த ஊருக்குப் போன காரணம்

கொடிகாமம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புக்குரிய மருமகன் பிரவீணனுக்கு,

தாய்மாமன் இராசநாயகம் எழுதுவது. இங்கு நானும் மாமியும் சுகம். கொழும்பில் நீரும் அவ்வாறே இருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறோம். எங்கள் கிராமத்துக்குக் கம்பியில்லா இணைய வசதி வரவேண்டுமென்று உமது கம்பனியில் நீர் எவ்வளவு தூரம் வாதாடினீர் என்பதை நானறிவேன். அது எங்களைத் தாண்டி அடுத்த ஊருக்குப் போன காரணத்தை, சனசமூக நிலையத் தலைவர் என்ற முறையில், தலைகுனிந்து அறியத்தருகிறேன்.

பிழை முழுக்க என்னுடையது. கோபுரத்தை எங்கே நடுவது, எத்தனை வீடு இணைப்பு எடுக்கும் என்று பார்க்க லக்சன் என்ற தம்பியை அனுப்பியிருந்தீர்கள் தானே. நல்ல மரியாதையான பிள்ளை. ஆனால் கையிலை பைல், கழுத்திலை அட்டை. இடம்பெயர்ந்து திரிஞ்ச காலம் தொட்டு உந்தக் கோலத்திலை வாற ஆக்களிட்டை என்ன சொல்லோணும் எண்டு எங்கடை சனத்துக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஒண்டும் இல்லை எண்டாத்தான் நிவாரணம் தருவினம். நான்தான் முன்னுக்கு ஓடிப்போய் ஒழுங்கை முழுக்க வீடு வீடாச் சொல்லி வைச்சன். "கொம்பியூட்டர் இருக்கோ ஐயா" எண்டு கேட்டார். "அந்தச் சாமானைக் கண்ணாலையும் கண்டதில்லை தம்பி" எண்டன். பக்கத்து வீட்டு இரத்தினம்மாக்கா ஒருபடி மேலை போய், கனடா மகனோடை கதைச்சுக்கொண்டிருந்த போனைப் பானைக்குள்ளை போட்டு மூடினா. அது உள்ளுக்கை கிடந்து "அம்மா, அம்மா" எண்டு கூப்பிட, "எங்கடை கிளி தம்பி" எண்டு சொன்னா.

நான் அதோடை விட்டனோ? "வீட்டிலை படிச்ச பிள்ளையள் ஆரும்?" எண்டு கேக்க, உழைக்கிற பிள்ளை இருந்தா உதவி கிடையாது எண்ட பழக்கத்திலை, "நானும் மனிசியும்தான், எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை" எண்டு வாய் தானாச் சொல்லிப்போட்டுது. என்ரை மகள் தனுசியா அந்த நேரம் தண்ணித்தாங்கிக்கு மேலை. அங்கைதான் கொஞ்சமாவது சிக்னல் வரும். கொழும்புக் கந்தோர் ஒண்டுக்கு அவள் வேலை செய்யிறதே குடையும் லப்டொப்புமா அதுக்கு மேலை இருந்துதான். இனியும் லைன் அறுந்தா கொழும்புக்கு வா, இல்லாட்டி வேலை இல்லை எண்டிட்டினமாம். நான் சொன்னதெல்லாத்தையும் கேட்டுக்கொண்டு இருந்தவள். இறங்கி வந்து, "அப்பா, தேத்தண்ணி போடவோ" எண்டு மட்டும்தான் கேட்டாள். நாலு பேச்சுப் பேசியிருந்தாலும் பரவாயில்லை. பெத்த பிள்ளையின்ரை முகத்தைப் பாக்க வெக்கமாக் கிடக்கு, மருமகன்.

ஆனபடியால் லக்சனை இன்னொருக்கா அனுப்பும். இனி வாற ஆரிட்டையும் உள்ளதை உள்ளபடி காட்டோணும் எண்டு கூட்டம் வைச்சுத் தீர்மானம் எடுத்தாச்சு. அவளை வீட்டோடை வைச்சிருக்க எனக்கு வேறை வழி தெரியேல்லை.

உமது அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்லவும். நோய்நொடி அண்டாமல் எல்லாரும் நல்லாயிருக்க வேண்டும்.

இங்ஙனம்,
மாமா.

பி.கு: கடிதத்தை ஒட்டாமல் வைச்சிருக்க, ஒரு பிள்ளை பைலோடை வந்தாள். உம்மடை கம்பனி இவ்வளவு கெதியா ஆளனுப்பிப் போட்டுது எண்டு சந்தோசம் தாங்கேலாமல் லப்டொப்பைக் காட்டினன். தனுசியாவைக் கூட்டிவந்து நிப்பாட்டி, உழைக்கிற பிள்ளை எண்டு பெருமையாச் சொன்னன். இரத்தினம்மாக்கா மூண்டு போனையும் கொண்டந்து வரிசையா வைச்சா. பிறகுதான் எங்கடை கிராம அலுவலர் விதானையார் சொன்னார், அந்தப் பிள்ளை வந்தது அரசாங்க உதவிப்பணத்தை ஆருக்கு நிப்பாட்டலாம் எண்டு பாக்கவாம். ஒழுங்கை முழுக்க எல்லா வீட்டுக்கும் உதவிப்பணம் நிண்டு போச்சு. மேன்முறையீடு குடுத்திருக்கிறம். ஆனபடியால் லக்சனை இப்ப அனுப்பிப் போடாதையும். அது முடியுமட்டும் எங்கடை ஊரிலை போனும் இல்லை, லப்டொப்பும் இல்லை, எனக்குத் தனுசியாவும் இல்லை. மேன்முறையீட்டை வடிவா எழுதித் தந்ததே அவள்தான்.