பெருந்தொட்டித் தேர்தல்

மலைகள் சூழ்ந்த வெண்கூடல் நாட்டுக்கு அரசர் இல்லை. மாகணி என்றொரு கணிப்பொறி அரண்மனையில் இருந்துகொண்டு ஆண்டது. வரி, தண்டனை, திருமண அனுமதி எல்லாவற்றையும் அதுவே யோசித்துச் சொல்லும். யோசித்தால் சூடேறும். அதனால் அதைச் சுற்றிக் குழாய்களில் தண்ணீர் ஓடியது. சூட்டை வாங்கிக்கொண்ட தண்ணீர் சன்னலோரத் தகடுகளுக்குப் போய், காற்றில் ஆறி, குடமளவுத் தொட்டி ஒன்றில் விழுந்து மறுபடி ஓடும். குடமளவே தாராளம்.

ஒரு கோடையில் மக்கள் அரண்மனை வாசலில் கூடிக் கத்தினார்கள். அந்தச் சத்தம் மாகணியின் சிந்தனையைக் கலைப்பதாகச் சொல்லி, அதிகாரிகள் சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்துச் சுண்ணாம்பு பூசினார்கள். அன்றிலிருந்து தண்ணீர் ஆறவில்லை.

குளிர்மை அமைச்சர் மகிபாலர் அவையைக் கூட்டினார்.

"தொட்டி சிறியது. கோளாறு அதுதான்."

"சன்னலைத் திறந்தால்..." என்று இழுத்தார் ஒரு செயலர்.

"சன்னலா? இந்த அரண்மனையில் சன்னல் எப்போது இருந்தது?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எல்லோருக்கும் சுவர்தான் தெரிந்தது. செயலரின் நாற்காலி மறுநாள் காலியாக இருந்தது; அப்படி ஒரு செயலர் இருந்ததாக யாருக்கும் நினைவில்லை.

அண்டா அளவில் புதுத் தொட்டி வந்தது. நிறையத் தண்ணீர் சூடேற நிறைய நேரம் பிடிக்கும் அல்லவா? சில நாள் மாகணி குளிர்ந்திருந்தது. அமைச்சருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு அண்டாவும் கொதித்தது. தெருக்களை இடித்துக் குளம் வெட்டினார்கள். அதுவும் முதலில் குளிர்ந்து, பிறகு கொதித்தது. முதலில் குளிர்ந்ததே, வேறென்ன சான்று வேண்டும் என்று கேட்டார் மகிபாலர். இந்த மனிதர்களை என்னவென்று சொல்வது!

அடுத்த அளவை மக்களே முடிவு செய்யத் தேர்தல் வந்தது. சின்னங்கள் இரண்டு: பெருங்குளம், ஏரி. ஏரி வென்றால் வீட்டுக்கு வீடு குளிர்ந்த நீர் என்றார் அமைச்சர்.

அப்பளம் போட்டுப் பிழைத்த செங்கமலமும் வரிசையில் நின்றாள். இடுப்பில் கைக்குழந்தை. வெக்கையில் உடம்பெல்லாம் வேர்க்குரு வெடித்து அது ஓயாமல் அழுதுகொண்டிருந்தது.

"ஐயா, தொட்டியே வேணாம்னு போட எடம் இருக்குங்களா?"

"அது ஒரு அளவு இல்லையேம்மா," என்றார் சாவடி அலுவலர். "இது அளவுக்கான தேர்தல்."

குழந்தைக்குக் குளிர்ந்த நீர் கிடைக்குமே என்று அவள் ஏரிக்குப் போட்டாள்.

ஏரி வென்றது. ஏரி எதையும் யாரும் வெட்டவில்லை. நாட்டின் கிணறுகளையெல்லாம் தொட்டியோடு குழாயால் இணைத்து, அதற்கு ஏரி என்று பெயர் வைத்தார்கள். கிணற்று நீர் வெதுவெதுப்பானது. கிணற்றின் அடியிலிருந்து, யாரோ வாயைத் திறக்காமல் எண்ணிக்கொண்டிருப்பது போல ஒரு முனகல் கேட்டது. காக்கைகள் கிணற்றடிக்கு வருவதை நிறுத்திக்கொண்டன. மனிதர்கள் எங்கே போவது? அதையே குடித்தார்கள்.

செங்கமலத்தின் குழந்தை ஒருநாள் அழுகையை நிறுத்தியது. வேர்க்குருவும் மறைந்தது. மகிழ்ச்சியோடு அள்ளி அணைத்தவள் அப்படியே உறைந்துபோனாள். குழந்தையின் நெஞ்சுக்குள்ளிருந்து அதே முனகல் வந்தது. கண்கள் திறந்திருந்தன, அவளைப் பார்க்கவில்லை.

மறுநாள் ஓர் அலுவலர் வந்து குழந்தையின் மார்பில் காதை வைத்துக் கேட்டார். பிறகு நெற்றியில் அரசு முத்திரையைக் குத்தினார்.

"எம்புள்ளைக்கு என்னங்கய்யா?"

"ஒண்ணுமில்லம்மா, இணைப்பு கிடைச்சிருச்சு. மனுச ஒடம்புல பெரும்பகுதி தண்ணிதானே? இனிமே மக்கள்தான் தொட்டின்னு அமைச்சர் அறிவிச்சுட்டாரு. இதைவிடப் பெரிய தொட்டி உலகத்துலயே கெடையாது."

"இதை யாருய்யா கேட்டா?"

"நீங்கதாம்மா. ஏரிக்குத்தானே போட்டீங்க?"

செங்கமலத்தின் கண்கள் நிறைந்தன. அலுவலர் பதறிப்போய்ப் பையிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்து அவள் கன்னத்தருகே பிடித்தார்.

"கீழ சிந்திராதீங்கம்மா. அது அரசாங்கத் தண்ணி."