கருவாட்டோடு போன முறைப்பாடு

உலகத்தில் எந்த நாட்டு நீதிமன்றம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர் ஒரே ஒருவர்தான். அவர் கறுப்புக் கோட்டுப் போட்ட அப்புக்காத்து அல்ல. கீரிக் கடற்கரையில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மீன் ஏலம் கூறியவர். மன்னார்த் தீவு முழுக்க அவருக்கு ஆர்ஜென்டீனா என்றுதான் பெயர். தபால் கந்தோர் கவுண்டரில் இருந்து வாரா வாரம் பதிவுத்தபால் பற்றுச்சீட்டில் அவருடைய சொந்தப் பெயரை எழுதிய எனக்கே, அதை யாராவது எடுத்துச் சொன்னால்தான் ஞாபகம் வரும்.

உலகக் கிண்ண உதைபந்தாட்டக் காலத்தில் விளையாட்டுக் கழகத்து இளைஞர்கள் சிலர் அவரைத் தங்கள் அணியின் ஆள் என்று நினைத்து, நீலமும் வெள்ளையுமாக ஒரு கொடியைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மனிதர் அவர்களைப் பிடித்து இருத்தி, ஆட்டம் முடியும்வரை சர்வதேசச் சட்டம் படிப்பித்துவிட்டார். எத்தனை கோல் விழுந்தது என்று அவர்களுக்குக் கடைசிவரை தெரியாது. அடுத்த கிண்ணத்துக்கு எல்லோரும் பிரேசிலுக்கு மாறிவிட்டார்கள்.

அந்தப் பெயர் வந்த கதை சிரிப்பான கதை அல்ல. அவருடைய ஒரே மகன் ஜூட். சண்டைக் காலத்தில் ஒரு பகல், வீதிச் சோதனைச் சென்றியில் அடையாள அட்டையைக் காட்டிக்கொண்டு நின்றவனைச் சீருடைக்காரர்கள் ஜீப்பில் ஏற்றினார்கள். அதோடு சரி. அன்றைக்கு அவனுக்குப் பின்னால் வரிசையில் சைக்கிளோடு நின்றது நான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னை நல்லவன் என்று நினைத்துவிடாதீர்கள். தகப்பன் வந்து கேட்டபோது, "வெயில் அண்ணை, கண் கூசிப் போச்சு, வடிவாத் தெரியேல்லை" என்றேன். அரசாங்க உத்தியோகம், வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள், பயம். "சரி தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மற்றவர்களும் நானும் ஒரே வெயிலில்தான் நின்றோம் போல, வேறு யாரும் காணவில்லை.

அவர் ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை. ஆணைக்குழு ஒன்று வரும், அது போனபின் இன்னொன்று வரும். ஒவ்வொன்றும் ஒரு பிளேன்ரீயும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்து, மகனின் பெயர் என்ன என்று முதலில் இருந்து கேட்கும். "போன முறை சொன்னதை இவை வாசிக்கிறேல்லையோ தம்பி? ஒருநாளைக்கு நானே பேரை மாறிச் சொல்லப் போறன்" என்று என் கவுண்டரில் வந்து அலுத்துக்கொள்வார்.

பிறகு ஒருநாள் கோயில் மண்டபத்தில் ஒரு கூட்டம். கொழும்பிலிருந்து வந்த சட்டத்தரணி ஒருவர், ஆளைக் கொண்டுபோய் இல்லாமல் ஆக்குவது, சித்திரவதை செய்வது போன்ற பெருங்குற்றங்களை எங்கே நடந்தாலும் வேறொரு நாடு எடுத்து விசாரிக்கலாம் என்று சொல்லி, உதாரணத்துக்கு ஆர்ஜென்டீனாவைச் சொன்னாராம். அது எத்தனை கஷ்டம் என்றும் அவர் சொல்லியிருப்பார். அதைக் கேட்க நம்மவர் அங்கே இல்லை. ஆர்ஜென்டீனாவுக்கு ஒரு முத்திரை வாங்க என்னிடம் ஓடி வந்துவிட்டார். பெயரும் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது.

"மீன் எந்தக் கடலிலை பட்டது எண்டு ஏலத்திலை ஆரும் கேக்கிறவையோ? கரைக்கு வந்தா மன்னாரானும் விலை கேக்கலாம், புத்தளத்தானும் கேக்கலாம். இதுவும் அப்பிடித்தான் தம்பி. நான் கூறிக்கொண்டே இருப்பன். ஆராவது ஒரு நாடு கேக்கும்."

அன்று தொடங்கியது என் கஷ்டகாலம். கன்னியர் மடத்துச் சிஸ்டர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பார், இவர் கொண்டுவருவார், வாயில் நுழையாத ஊர்ப் பெயர்களை எழுதி எழுதி எனக்குக் கை நோகும். அதோடு விட்டாரா? ஒவ்வொரு உறையிலும் முத்திரையை ஒட்டி, கடற்கரைக் குரலில், "ஸ்பெயின் ஒருதரம்! ஸ்பெயின் ரெண்டுதரம்!" என்று கூறுவார். பிறகு வாயை மூடிக்கொள்வார்.

"மூண்டாந்தரத்தையும் சொல்லிப்போட்டு விலகுங்கோவன்" என்று பின்னால் நின்ற பென்சன்காரர்கள் கத்துவார்கள்.

"அதைச் சொன்னா ஏலம் முடிஞ்சிடும். இன்னும் ஒருத்தனும் கேக்கேல்லையே."

வருசங்கள் போயின. சில கடிதங்கள் திரும்பி வந்தன, பல வரவே இல்லை. கடைசியில் அவர் தானே ஒரு காரணம் கண்டுபிடித்தார். "வெறுங்கையோடை போய் ஒரு காரியம் கேக்கிறது என்ன பழக்கம்? அவங்கள் என்ன நினைப்பாங்கள்?" ஐரோப்பாவில் ஒரு நாட்டின் அரச வழக்கறிஞர் கந்தோருக்கு முறைப்பாட்டோடு நல்ல பாரைக் கருவாடு ஒரு பொதியும் கட்டிக் கொண்டுவந்துவிட்டார். ஐந்து பொலித்தீன் சுற்றியும் மணம் அடங்கவில்லை. உள்ளே என்ன என்று படிவத்தில் எழுத வேண்டும்.

"உள்ளதை எழுதும். பொய்ச் சாட்சி கூடாது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. கருவாடு என்றே எழுதினேன். மூன்று நாள் போஸ்ட் மாஸ்டர் லேஞ்சித் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டார்.

ஐயோ, அதற்குத்தான் பதில் வந்தது! சிஸ்டர் வாசித்தார்: நீதித்துறை உத்தியோகத்தர் அன்பளிப்பு வாங்க முடியாது, சுகாதார விதிப்படி பொதி எரிக்கப்பட்டது, முறைப்பாடு கோப்பில் இடப்பட்டது, சம்பவத்தை நேரில் கண்ட சாட்சி எவரும் உண்டா?

கடிதத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கவுண்டருக்கு வந்தார். "கருவாட்டைத்தான் எரிச்சவங்கள் தம்பி! கடிதத்தை வச்சிருக்கிறாங்கள்! ஒரு நாடு கேட்டிட்டுது!" பென்சன்காரர்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகு கடைசி வரியை எனக்குக் காட்டினார். காட்டினாரே தவிரக் கேட்கவில்லை. "சாட்சி இல்லை எண்டு எழுதச் சொல்லி சிஸ்டரிட்டைச் சொல்லப் போறன். ஒரு முத்திரை தாரும்" என்றார்.

நான் களைத்துப்போயிருந்தேன். சொல்லாமல் இருப்பதும் ஒரு வேலைதான், அதற்குப் பென்சனும் கிடையாது. "முத்திரை தரேலாது" என்றேன்.

"ஏன், முடிஞ்சு போச்சோ?"

"நான் கண்டனான் அண்ணை. ஜீப்பைக் கண்டனான், ஏத்தினவனைக் கண்டனான். ஜூட் என்னைத் திரும்பிப் பாத்து, 'அப்பாட்டைச் சொல்லுங்கோ' எண்டவன். அதையும் நான் சொல்லேல்லை. எழுதுங்கோ, கையெழுத்து வைக்கிறன்."

அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கவுண்டர் பலகையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, கடற்கரை கேட்காத குரலில், "ஒருதரம்" என்றார். "ரெண்டுதரம்." நிறுத்தினார். "ரெண்டு பொம்பிளைப் பிள்ளையளை வச்சிருக்கிறீர். வீட்டை போய் யோசிச்சிட்டு வாரும். மூண்டாந்தரம் சொன்னாப் பிறகு மாறேலாது."

"மூண்டுதரம்" என்று நானே சொன்னேன்.

அன்றைக்குத்தான் அந்த மனிதர் அழுததைப் பார்த்தேன். அழுதுகொண்டே, வரிசையை மறிக்கிறோமே என்று விலகியும் நின்றார்.

என் சாட்சியம் அடுத்த தபாலிலேயே போனது. வழக்கு இன்னும் தொடங்கவில்லை. கோப்புத் திறந்தே இருக்கிறது என்று இரண்டு வருசத்துக்கு ஒருமுறை கடிதம் வரும். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். நானும் பென்சன்காரன் ஆகி, அதே கவுண்டரில் வரிசையில் நின்று, அந்த நாட்டுக்கு மாதம் ஒரு கடிதம் பதிவுத்தபாலில் அனுப்புகிறேன். கருவாடு வைப்பதில்லை.

போன கிழமை சந்தையில் யாரோ பின்னால் இருந்து, "ஆர்ஜென்டீனா!" என்று கூப்பிட்டார்கள். அவரைத்தான் என்று ஒரு கணம் தேடினேன். என்னைத்தான். திரும்பி, "ஓம்" என்றேன்.