பொதுமக்களுக்குப் புரியும் பதக்கம்

சேலத்துக் கைவினை வளர்ச்சி அலுவலகத்துக்கு மக்கள் மேல் தனி அக்கறை. மக்கள் நேரில் வராமலிருந்தால் அது இன்னும் வளரும். சௌந்திரம் நேரிலேயே வந்துவிட்டாள்.

ஓமனில் தையல் வேலை பார்த்த நான்கு வருடமும் வெள்ளிக்கிழமை லீவில் அரபு எழுத்துக்கலை படித்தவள் அவள். ஊர் திரும்பி, கொலுசுப் பட்டறை வேலையை விட்டுவிட்டு, அரபு எழுத்தை வளைத்து வெள்ளிப் பதக்கம் செய்தாள். கல்லூரிப் பெண்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். என்ன எழுதியிருக்கிறதென்று ஒருத்தியும் கேட்கவில்லை. இரண்டு பேர் தலைகீழாக மாட்டிக்கொண்டு போட்டோ போட்டார்கள். அரசுக் கண்காட்சியில் கடை கிடைத்தால் பிழைத்துக்கொள்வாள். இல்லாவிட்டால் மறுபடி பட்டறைதான்.

அலுவலர் அன்பரசு பதக்கத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னம்மா எழுதியிருக்கு?"

"கமர்னு போட்டிருக்குதுங்க சார். நெலான்னு அர்த்தமுங்க."

"யாருக்குப் புரியும்? பொதுமக்கள் அன்றாடம் புழங்கும் சொற்களே இடம்பெறலாம். விதி இருக்கு."

"அரபுல இருக்கறதுதானுங்க இதுல விசேஷமே."

"அரபாவே இருக்கட்டும். ஜனங்க தினம் பேசற சொல்லா இருக்கணும்."

சௌந்திரத்துக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஆனாலும் உத்தரவு உத்தரவுதான். பத்தாம் நாள் புதுச் சரக்கோடு வந்து நின்றாள்.

"இது?"

"ஜப்திங்க."

"இது?"

"ஆஜருங்க. இந்தக் கம்மல் ஜோடிங்க சார். ஒண்ணு அசல், ஒண்ணு நகல்."

"இதெல்லாம் அரபா?"

"ஆமாங்க. ஆபீசு வழியாத்தானுங்க ஊருக்குள்ள வந்துச்சு."

அன்பரசு விதியைத் திருப்பித் திருப்பிப் படித்தார். ஓட்டையே இல்லை. 'கடிதம் வரும்' என்றார். வந்தது: தங்கள் கடை விண்ணப்பம் ரத்து செய்யப்படுகிறது.

அன்று முழுக்க அழுதாள். அதுவும் அரபுச் சொல்தான். மறுநாள் அந்த 'ரத்து'வையே அரபில் அழகாக வளைத்துப் பதக்கமாக்கி, வீட்டு வாசலில் தொங்கவிட்டாள். அர்த்தம் கேட்டவர்கள் எல்லாரும் வாங்கினார்கள். பட்டா, ஓய்வூதியம், ரேஷன் கார்டு என்று ஆளாளுக்கு ஒரு ரத்து இருந்தது. இரண்டே மாதத்தில் 'ரத்து' போடாத கழுத்து சேலத்தில் கழுத்தே அல்ல என்றாகிவிட்டது.

மகள் கல்யாணத்துக்கு ஒன்று வேண்டுமென்று அன்பரசுவும் வரிசையில் வந்து நின்றார்.

"ஆதார் நகல் இருக்குதுங்களா சார்?" என்றாள் சௌந்திரம், நிமிர்ந்து பார்க்காமல்.

"அசலே வச்சிருக்கேம்மா."

"நகல்தானுங்க வேணும். பொண்ணும் நேர்ல ஆஜராகோணும். இன்னிக்கி டோக்கன் முடிஞ்சுதுங்க, திங்கக்கெழமை வாங்க."

அன்பரசுவுக்குக் கோபமே வரவில்லை. இந்த ஊரில் ஒரு வேலையாவது முறைப்படி நடக்கிறதே என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.