இல்லாத நோய்க்குப் பதினோரு கடைகள்

கேப் பிரெட்டன்,
புதன்கிழமை

அன்புள்ள மர்டினா அக்காவுக்கு,

தம்பி லாக்லன் மரியாதையுடன் எழுதுவது. நானும் பூனையும் சுகம். உன் முழங்கால் இந்தக் குளிரில் உன்னை அதிகம் படுத்தாமல் இருக்க வேண்டும். தொலைபேசியில் ஒரு வாக்கியத்தைக்கூட நீ என்னை முடிக்க விடுவதில்லை, அதனால்தான் கடிதம். குறையாகச் சொல்லவில்லை.

ஞாயிறன்று தேவாலய வாசலில் நீ சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. இணையக் கடையில் வாங்கிய கஞ்சா எண்ணெய் வந்துவிட்டது, முழங்காலுக்கு மட்டுமல்ல இதயத்துக்கும் அதுவே போதும் என்று கடைக்காரர் எழுதியிருக்கிறார், ஆகவே ரத்தம் உறையாமலிருக்க எட்டு வருடமாகப் போடும் மாத்திரையை வெள்ளிக்கிழமையோடு நிறுத்தப் போகிறாய். "முப்பத்தாறு வருஷம் துறைமுகத்துல கடல்மட்டம் அளந்தவன்தானே நீ? அவன் சொல்றது சரியான்னு அளந்து சொல்லேன்டா. அடுப்ப அணைச்சோமான்னு மூணு தடவ பாக்கிற ஆளாச்சே!" என்றாய்.

அளந்தேன், அக்கா. நீர்மட்டம் காட்டும் புதிய மானி வந்தால் முதலில் அதைத் தண்ணீரே இல்லாத தொட்டியில் வைப்போம். பூஜ்யம் காட்ட வேண்டும். அதே முறையில் திங்கட்கிழமை காலை காப்பிக்குப் பிறகு ஒரு நோயை நானே உண்டாக்கினேன். இடது தோளில் மூடுபனி இறங்குவது போன்ற உணர்வு. நம் குடும்பப் பெயரையே வைத்து 'மெக்காஸ்கில் மூட்டம்' என்று அழைத்தேன். கஞ்சா எண்ணெய் விற்கும் பன்னிரண்டு கடைகளுக்கு எழுதிக் கேட்டேன்.

என்ன சொல்வேன்! நம் டாக்டர் நாற்பது வருடமாக "பாப்போம்" என்பதைத் தாண்டியதில்லை. இங்கே இரண்டு நிமிடத்தில் பதில். "மூட்டமா சார்? தினம் வர்ற கேஸ்தான். காலைல மூணு சொட்டு, படுக்கும்போது அஞ்சு. மாத்திரையெல்லாம் தூக்கிக் கடல்ல போடுங்க!" என்றார் ஜேடன் என்னும் இளைஞர். வேறொருவர் அது பரம்பரையாக வரும் என்று என்னைத் தேற்றினார். செவ்வாய்க்கிழமை, மூட்டம் வந்து மூன்றே வாரத்தில் குணமான ஒரு பெண்மணியின் நன்றிக் கடிதத்தையும் ஒரு கடையிலிருந்து படத்தோடு அனுப்பினார்கள். நோய்க்கு அப்போது ஒரு நாள் வயது. இப்படியும் ஒரு ஞானமா என்று பிரமித்து உட்கார்ந்திருந்தேன். பதினோரு பேர் இவ்வளவு உறுதியாகச் சொல்லும்போது, நோயை உண்டாக்கியதாக நான்தான் தவறாக நினைத்துக்கொண்டேனோ? நேற்று மாலையிலிருந்து இடது தோள் சற்று மந்தமாகவே இருக்கிறது.

பன்னிரண்டாவது, நம் மாகாண அரசாங்கமே சட்டப்படி நடத்தும் கஞ்சாக் கடை. "நோயைப் பத்தி நாங்க பேசக் கூடாதுங்க. வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா? அப்போ மருந்துக்கடையில கேட்டுக்குங்க" என்றாள் ஒரு பெண். பாவம், ஒன்றும் தெரியவில்லை. குறிப்பேட்டில் அவளுக்கு நேராகப் பூஜ்யம் போட்டேன்.

ஆகவே பதினோரு பேரை மறுக்கும் துணிவு எனக்கு இல்லை, அக்கா. உன் விருப்பப்படி செய். ஆண்டவர் உன் முழங்காலையும் இதயத்தையும் காக்கட்டும்.

என்றும் உன் தம்பி,
லாக்லன் மெக்காஸ்கில்

பின்குறிப்பு: தபால்பெட்டிக்குப் போகும் வழியில் தோளுக்குத் தைலம் வாங்க யூனிஸின் மருந்துக்கடையில் நுழைந்தேன். "மெக்காஸ்கில் மூட்டமா? அப்படி ஒண்ணு கிடையவே கிடையாதே, மாமா" என்றாள். உன் கதையையும் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, அந்த மாத்திரைய நிறுத்தினா ரத்தம் கட்டிக்கும். நிறுத்தாம மாத்திரையோட இந்த எண்ணெயச் சேத்தாலும், ரத்தம் நிக்காமப் போகலாம். லெட்டர இப்படிக் குடுங்க, நானே கொண்டுபோறேன்!" வெறும் தொட்டியில் பதினோரு மானிகள் வெள்ளம் காட்டியிருக்கின்றன, அக்கா. சரியாகப் பூஜ்யம் காட்டியது ஒன்றுதான். அதைத்தான் நான் மக்கு என்று நினைத்தேன். மேலே எழுதியதை அடித்துவிடு. பாட்டிலை யூனிஸிடம் கொடு. மாத்திரையை நிறுத்தாதே. இந்த ஒரு வாக்கியத்தையாவது முடிக்க விடு. தோள் சரியாகிவிட்டது.