முன்வரிசை வழுக்கையை நம்பிய கதை

என் கல்யாணம் ஒரு பொய்யில் ஆரம்பித்தது. பெரிய பொய் என்று சொல்ல முடியாது, ஒரே ஒரு மொழி அளவுதான்.

இரண்டாயிரத்து நான்கு வாக்கில், பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் கடற்கரை ஊரில், மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் சூப்பர்வைசராக இருந்தேன். விமலாவைப் பெண் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளுடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருடம் சிப்பாயாக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் ஊர்ப் பேச்சில் 'சொல்தா'. "எம்பொண்ணக் கட்டுனா கெடைக்கிற பிரெஞ்சு நேஷனாலிட்டிக்காக வர்றவன் வேணாம். பிரெஞ்சு மேல ஆசை உள்ள புள்ளயா இருந்தா பேசலாம்" என்று சொல்லியிருந்தார். எனக்குப் பிரெஞ்சு சரளமாக வரும் என்று தரகரிடம் சொல்லி அனுப்பினேன். (வகுப்பில் சேர்ந்து இரண்டே வாரத்தில் நின்றவன் நான். கையில் தங்கியது நன்றி சொல்லும் 'மெர்சி' மட்டும்.)

பதில் உடனே வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் கடற்கரைப் பக்கம் ஒரு ஓட்டலில் இக்காலப் பிரெஞ்சுக் கவிதை வாசிப்பு. மாப்பிள்ளையும் வரட்டும்.

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். எனக்குப் பெண் கிடைக்காது போலிருந்தது. ஏ.சி. அரங்கில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒரு பக்கம் சொல்தா, அவருக்கு அப்பால் விமலா. மேடையில் ஒரு அம்மாள் ஒரு வரி வாசிப்பார், கூரையைப் பார்ப்பார், நெடுநேரம் கழித்து அடுத்த வரி. எங்கே சிரிப்பது, எங்கே உருகுவது?

அப்போதுதான் எனக்கு நேர் முன்னால் இருந்த வழுக்கைத் தலை வெள்ளைக்காரரைக் கவனித்தேன். அவர் தலையாட்டினார், நானும் ஆட்டினேன். கண்ணை மூடினார், மூடினேன். நெற்றியைப் பிடித்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். நானும் விட்டேன். பக்கத்தில் சொல்தாவும் பெருமூச்சு விட்டார். மனுஷன் என்ன ரசனை!

"எப்படித் தம்பி?" என்று கிசுகிசுத்தார்.

"ஆழம், மாமா." (நிச்சயமே ஆகவில்லை, அதற்குள் மாமா!)

"ஆமா, ஆழந்தான்."

அம்மாள் முடித்ததும் தொகுப்பாளர் மைக்கில் ஏதோ சொன்னார். வழுக்கைத் தலை எழுந்தது. நானும் எழுந்தேன். சொல்தாவும் விறைப்பாக எழுந்து நின்றார்.

வழுக்கைத் தலை நேராக மேடைக்கு நடந்தது. அவர்தான் அடுத்த கவிஞர்.

அரங்கமே எங்கள் இருவரையும் பார்த்தது. ஏதோ சொல்ல விரும்புகிறோம் என்று நினைத்த தொகுப்பாளர், மைக்கோடு இறங்கி வந்து என்னிடம் பிரெஞ்சில் எதையோ கேட்டார்.

"மெர்சி" என்றேன்.

மறுபடி கேட்டார். மறுபடியும் "மெர்சி."

யாரோ இருமினார்கள். போச்சு, விமலா போச்சு என்று மனசு அடித்துக்கொண்டது. மைக்கைச் சொல்தாவிடம் தள்ளினேன். "மாமா, நீங்களே சொல்லுங்க."

அவர் வாங்கினார், நெஞ்சை நிமிர்த்தினார், அரங்கம் அதிர "ப்ரெசான்!" என்று கத்திவிட்டு உட்கார்ந்தார். பட்டாளத்தில் பெயர் கூப்பிட்டால் சொல்கிற 'ஆஜர்'! பிறகு கைதட்டல்.

வெளியே கடற்கரையோரம் நடக்கும்போது என்னால் தாங்க முடியவில்லை. "எனக்குப் பிரெஞ்சு தெரியாது மாமா. முன்னாடி இருந்தவரைப் பார்த்துப் பார்த்து..."

நின்றுவிட்டார். "அப்ப நேஷனாலிட்டிக்குத்தான் பொய் சொன்னீங்களா?"

"இல்ல மாமா. விமலாவுக்கு."

சொல்தா கடற்கரைக் கல்லில் உட்கார்ந்தார்.

"பதினஞ்சு வருசம் அந்தப் பாஷையிலதான் சாப்பிட்டேன், தூங்குனேன். தனித்தனியா வார்த்தை எல்லாம் புரியுது. சேத்துப் பார்த்தா ஒண்ணும் புரியல. படிச்ச புள்ள தலையாட்டுதேன்னு ஒங்களப் பார்த்துத்தான் தம்பி நானும் ஆட்டுனேன். நீங்க எழுந்தீங்க, எழுந்தேன்."

"எனக்கு எல்லாம் புரிஞ்சுது" என்றாள் விமலா. "எம்மானத்த வாங்குனதும் நல்லாவே புரிஞ்சுது. ஆனா இதுக்கு மேல ஒரு மாப்பிள்ளையப் பாத்தா, அந்த ஆளையும் கவிதைக்குக் கூட்டிக்கினு வருவீங்க. இவரே போதும்ப்பா."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் 'புரியல' என்று சொல்வதில்லை. போன வாரம் மகளின் கணக்கு டீச்சர் போன் செய்தார். "பாடம் புரியுதான்னு கேட்டா, ஒங்க பொண்ணு எதுக்கு சார் எழுந்து நின்னு ப்ரெசான்னு கத்துது?"