வைரஸ் மன்றத்துக்குக் கூடம் கிடைத்த கதை

மதிப்புக்குரிய ரந்தா சித்திக்கு, தீமா எழுதுவது: எங்கள் வைரஸ் ரசிகர் மன்றத்துக்கு இர்பித் நகர நூலகத்தில் கூடம் கிடைத்துவிட்டது, சித்தி, நிஜமாகவே கிடைத்துவிட்டது!

இங்கு அனைவரும் நலம். நீங்களும் சித்தப்பாவும் நலமாக இருக்க அல்லாஹ் அருளட்டும்.

இணையத்தில் மட்டுமே கூடிவந்த நாங்கள் நேரில் சந்திக்க இடம் கேட்டபோது, நூலகத் தலைவர் கஸ்ஸான் சார், நோய் பரப்பவா கூடம் என்றார். ஒரே ஒருமுறை விளக்கிக் காட்ட அனுமதித்தார். படம் போட்டால் தூங்கிவிடுவார் என்று பயந்து, பெருநாளுக்குச் சுடும் பூரண பிஸ்கட்டான மஅமூல் செய்துகொண்டு போக முடிவெடுத்தேன். வெளியே ரவை மாவு, அது வைரஸின் புரத உறை. உள்ளே பேரீச்சையோ அக்ரூட்டோ பூரணம், அது மரபுப்பொருள். சிலவற்றுக்கு மேலே கொழுப்புப் போர்வை, அதற்குத் தூவிய சர்க்கரை. எங்க வீட்டு அடுப்புதான் ரிப்பேராச்சே, அதனால வெறும் செய்முறையோட எதிர்வீட்டு உம்மு நிதால் வீட்டுக்குள்ள நுழைஞ்சேன். ரவை அவங்களுது, நெய் அவங்களுது, உழைப்பும் அவங்களுது, கிளம்பும்போது மஅமூல் போர்த்திக்கிட்டு வந்த சர்க்கரைகூட அவங்களுது. நான் மூச்சுவிடாம வைரஸ் பேசினதுல அவங்க தலை சுத்தி, பேரீச்சையை உருண்டை அச்சுலயும் அக்ரூட்டைத் தட்டை அச்சுலயும் மாத்தி அடைச்சுட்டாங்க. அப்போ எனக்குத் தெரியாது.

கஸ்ஸான் சார் உருண்டையா ஒண்ணை எடுத்துக் கடிச்சார். முகம் சுருங்கிடுச்சு.

"உருண்டைன்னா அக்ரூட், தட்டைன்னா பேரீச்சை. இதுல பேரீச்சை இருக்கு. நீ எந்த ஊர்ப் பொண்ணும்மா?"

கூடம் போச்சுன்னு நினைச்சேன். ஆனா என் வாய் சும்மா இருக்குமா?

"வைரஸும் இப்படித்தான் சார். உருண்டை, குச்சின்னு வெளி வடிவத்தை மட்டும் பார்த்து வகை பிரிச்சா ஏமாந்துடுவோம். உள்ளே டிஎன்ஏவா ஆர்என்ஏவா, ஒத்தை இழையா ரெட்டை இழையான்னு கடிச்சுப் பார்க்கணும்."

தட்டையா ஒண்ணைக் கடிச்சு அக்ரூட்டைக் கண்டுபிடிச்சதும் அவருக்குச் சிரிப்பு வந்துடுச்சு. இது தானாப் பெருகுமான்னு கேட்டார். பெருகாது, அதுக்குச் சொந்த அடுப்பு கிடையாது, வேற செல்லோட சமையலறையில புகுந்து தன்னை மாதிரியே சுடவைக்கும்னேன்.

"வியாழக்கிழமை தோறும் கூடம் உங்களுக்கு. தட்டு காலியா வரக்கூடாது" என்றார்.

சித்தப்பாவுக்கு சலாம், குட்டி யஸனுக்கு முத்தம். உங்கள் வீட்டில் பரக்கத்தும் வளமும் பெருகட்டும்.

அன்புடன்,
தீமா

பி.கு.: கூடம் முழுசா கிடைச்சுட்டதா நினைக்காதீங்க. தட்டு காலியா போனா சாவியை வாங்கிப்பாராம். கூட்டத்துக்குப் பேர் கொடுத்தவங்க யாரும் வைரஸைப் பத்திக் கேக்கல, எந்தப் பூரணம்னுதான் கேக்கறாங்க. உம்மு நிதாலோ என் குரல் கேட்டாலே கதவைத் தாழ் போடறாங்க. எதிர்ப்பு சக்தி வந்துடுச்சு. உங்க அடுப்பு நல்லாத்தானே இருக்கு, சித்தி? வியாழனுக்குள்ள பதில் போடுங்க. குடும்பக் குழுவுலயும் இதைப் பகிருங்க. அடுப்பு உள்ள எல்லாரும் வாங்க.