உரத்து வாசிக்கவும்

ஐயா, என் குடும்பத்தைக் குழப்பியவர் நீர்தான்.

உம்முடைய பேர் எனக்குத் தெரியாது. தலைமன்னார்ப் பாலத்தடியில் பழம்புத்தகம் விற்றவனிடம் நான் வாங்கும்போதே அட்டை கிழிந்திருந்தது. உள்ளே நாற்பது பாடம். இங்கிலீசுச் சொல்லைத் தமிழ் எழுத்தில் போட்டு, பக்கத்திலேயே கருத்தும் போட்டிருந்தீர். நல்ல வேலை. அதில் நான் குறை சொல்லவில்லை. ஆனால் முதற் பக்கத்தின் தலையில், கொழுத்த எழுத்தில், "ஒவ்வொரு பாடத்தையும் மூன்று முறை உரத்து வாசிக்கவும்" என்று அச்சடித்தீரே, அங்கேதான் என் தலையில் கல் விழுந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். உம்முடைய விலாசமும் தெரியாததால் இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்; வாசிக்கிற சனம் நியாயம் சொல்லட்டும்.

என் பேர் சாஹுல் ஹமீட். பேசாலைக் கரையில் மீன் ஏலம் கூறுகிறவன். பள்ளிக்கூட வாசலை நான் மிதித்ததில்லை. பதினொரு வயதில் மீன்கூடை சுமந்தேன். அரிசிச் சாக்கில் அடித்திருந்த எழுத்தைக் கூட்டிக் கூட்டித் தமிழ் படித்தேன். அதனால் நான் முதன்முதல் வாசித்த சொல் "இரங்கூன்." இன்றைக்கு இந்தத் தீவில் என் வாயோடு மோதி வென்றவன் ஒருவனும் இல்லை. இது கரைக் கதை. வீட்டுக் கதை வேறு.

வீடு என் மனைவி உம்மு ஸல்மாவுடையது. எங்கள் ஆட்களுக்குள் அதுதான் வழக்கம். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து பெண் வீட்டில் இறங்குவான். வீட்டோடு, கடலைப் பார்த்தபடி ஒரு துண்டுக் காணியும் அவளுக்குச் சீதனம். காணியின் நடுவே ஒரு கிணறு. தீவில் எங்கே தோண்டினாலும் உவர் வரும். அந்தக் கிணற்றில் மட்டும் இளநீர் மாதிரித் தண்ணீர். எங்கள் தெரு முழுவதும் அங்கேதான் குடம் நிரப்பும்.

நானும் சும்மா இருக்கவில்லை. என் உழைப்பில் பேசாலைக் கரையில் ஓலைக் கொட்டிலாக ஒரு வாடி போட்டிருந்தேன். கருவாடு வைக்கவென்று தொடங்கினது. பிறகு கருவாட்டை வெளியே தள்ளிவிட்டு, பலகை அடித்து, ஒரு சாய்மனைக் கதிரையும் போட்டேன். பகற் சாப்பாட்டுக்குப் பிறகு உம்மு ஸல்மாவின் குரல் எட்டாத இடம் உலகத்தில் அது ஒன்றுதான்.

இப்படி இருக்கையில், ரெயில் கந்தோரில் வேலை பார்க்கும் வெள்ளைக்காரத் துரை ஒருவர் கிணற்றடிக் காணியைக் கண்டுவிட்டார். கடற்காற்றுக்கு ஒரு பங்களா கட்ட அவருக்கு ஆசை. மீன் ஏற்ற ஒரு லொறி வாங்க எனக்கு ஆசை. இரண்டு ஆசைக்கும் நடுவில் உம்மு ஸல்மா அரிவாளோடு உட்கார்ந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"கிணத்தை வித்துப்போட்டு லொறிக்கு என்னத்தை ஊத்துவியள்?" என்று கேட்டாள்.

"லொறிக்குப் பெற்றோல் இருக்கு, புள்ள."

"மனிசருக்கு?"

"கொஞ்சம் யோசிச்சுப் பார்."

"யோசிச்சிட்டன். ஏலாது."

"நல்லா யோசி."

"நல்லா ஏலாது."

இந்த இடத்தில் எவனும் விட்டுவிடுவான். நான் விடவில்லை.

எங்கள் கரையில் பெரிய யாவாரம் வாயால் நடக்காது. இரண்டு பேரும் கைகோத்து, மேலே ஒரு சால்வையைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை சொல்வோம். பக்கத்தில் நிற்கிறவனுக்கு விலை தெரியாது. ஒத்துவந்தால் கையை ஒருதரம் இறுக்கிவிட்டு விடுவோம். விட்டால் முடிந்தது. அதற்குப் பிறகு பேச்சு மாறினவனுக்குக் கரையில் மீனும் இல்லை, ஸலாமும் இல்லை. உம்மு ஸல்மா பள்ளிவாசல் லெப்பையின் மகள். புருஷனுடைய வாக்கு மண்ணில் விழ அவள் சம்மதிக்கவே மாட்டாள்.

ஆகவே என் திட்டம் இது. துரையை வீட்டுக்கே கூப்பிடுவது. அவள் திரைக்குப் பின்னால் இருக்கும்போதே இங்கிலீசில் காணியைப் பேசி, துணிக்குள் விலையை முடித்து, கையை விட்டுவிடுவது. பிறகு, "நீயும் இருந்து கேட்டனீதானே, ஒரு சொல்லு மறுத்தியா?" என்று மடக்குவது. அவளுக்கு இங்கிலீசு தெரியாது. எனக்கும் தெரியாது. அந்த ஒரு குறையைத் தீர்க்கத்தான் உம்முடைய புத்தகம்.

விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு விறாந்தையில் உட்காருவேன். உரத்து வாசிக்கச் சொல்லியிருந்தீர். நான் ஏலம் கூறுகிறவன். எனக்கு மெதுவாகப் பேச வராது.

"ஹோர்ஸ், குதிரை. திஸ் இஸ் மை ஹோர்ஸ், இது என்னுடைய குதிரை."

தெருவில் நின்ற கழுதைகள் இரண்டு காதை நிமிர்த்தின. வேலிக்கு மேலால் அடுத்த வீட்டு அப்துல் றசாக்கின் தலை வந்தது.

"காக்கா, குதிரை எப்ப வாங்கினீங்கள்?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டான்.

"வாங்கேல்ல. படிக்கிறன்."

"வாங்க முந்தியே இந்தச் சத்தமெண்டால், வாங்கின பிறகு நாங்கள் ஊரை விட்டுப் போறதோ?"

அவனை ஏசிக் கலைத்தேன். உம்மு ஸல்மா ஏசவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். அந்த அமைதியை நான் சந்தேகித்திருக்க வேண்டும். அவளுடைய வாப்பா பொடியன்களுக்கு ஓதிக்கொடுத்த காலத்தில், இவள் திரைக்குள்ளிருந்தே குர்ஆனின் எல்லாச் சூறாவையும் காதால் பாடமாக்கினவள். பொடியன் பிழை விட்டால் உள்ளிருந்து திருத்துவாளாம். கலியாணம் பேச வந்தபோதே இதை எனக்குச் சொன்னார்கள். நான் பெருமையாகச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். எச்சரிக்கிறார்கள் என்று நினைக்கவில்லை.

ஒருநாள் மட்டும் கேட்டாள்:

"இஞ்சாருங்கோ, இந்த இங்கிலீசு என்னத்துக்கு?"

"துரைமாரோட கருவாட்டு யாவாரம் பேச."

"துரைமார் கருவாடு தின்னுவினமோ?"

"பேசுற விதத்தில பேசினாத் தின்னுவினம்."

"ஓம், அதுவும் சரிதான்" என்றாள். அவள் என் பேச்சுக்கு "அதுவும் சரிதான்" என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அப்போதும் எனக்கு மூளை வேலை செய்யவில்லை.

நாற்பது நாளில் நாற்பது பாடமும் கத்தி முடித்தேன். காலையில் வாயால் போனது மத்தியானம் நினைவில் இராது. பத்தொன்பதாம் பாடத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டேன். குதிரை விற்கிற பாடம். அதில் குதிரை வருகிற இடமெல்லாம் காணியைப் போட்டு, வேறாக ஒரு கிழமை, ஏழு நாளும், கத்தினேன்.

துரை ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், அஸர்த் தொழுகைக்குப் பிறகு வந்தார். நல்ல கதிரையில் இருத்தினேன். திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. சரி, சாட்சி வந்தாயிற்று. நான் எழுந்து நின்று தொடங்கினேன்:

"குட் ஈவினிங், சேர். திஸ் இஸ் எ குட் லாண்ட். இட் இஸ் வெரி ஸ்ட்ரோங். இட் இஸ் ஃபைவ் இயர்ஸ் ஓல்ட். இட் டஸ் நொட் கிக்."

இது நல்ல காணி, மிகவும் பலமுள்ளது, வயது ஐந்து, உதைக்காது. உம்முடைய புத்தகத்தில் உள்ளதை ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னேன். துரை வாயிலிருந்த புகைச் சுங்கானை எடுத்துவிட்டு என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு பேசினார். ஐயா, இதையும் கேளும். பேசத்தான் எனக்குச் சொல்லித்தந்தீர். மற்றவன் பேசினால் எப்படி விளங்குவது என்று ஒரு பாடமும் இல்லை. துரையின் வாயிலிருந்து வந்தது, கல் ஏற்றின வண்டில் பாலத்தில் ஓடினது மாதிரி இருந்தது. நான் நிமிர்ந்து நின்று, "யெஸ், சேர்" என்றேன்.

"குட் ஈவினிங், சேர்" என்றது திரை.

துரை திரும்பினார். நானும் திரும்பினேன். சே, கேட்டுக் கேட்டு ஒரு சொல் பிடித்திருக்கிறாள், கிளி பிடிக்கிற மாதிரி என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. ஆனால் கிளி நிற்கவில்லை. திரை ஒரு பாட்டம் பேசியது. துரை கேள்வி கேட்டார். திரை பதில் சொன்னது. துரை சிரித்தார்.

"என்ன புள்ள கதைக்கிறாய்?" என்று தமிழில் கேட்டேன்.

"தேத்தண்ணி குடிப்பாரோ எண்டு கேட்டனான்."

"தேத்தண்ணிக்கு இவ்வளவு கதையோ?"

"சீனி எவ்வளவு எண்டும் கேக்க வேணுமே."

மறுபடி பேசினாள். அதில் "ஹஸ்பன்ட்" என்ற சொல் எனக்குப் பிடிபட்டது. குடும்பப் பாடம், நாலாவது. அதற்கு முன்னும் பின்னும் "குட், குட்" என்று வந்தது. என்னைத்தான் புகழ்கிறாள். சால்வையைச் சரிசெய்துகொண்டேன். துரை என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். "யெஸ், சேர்" என்றேன். இன்னொன்று கேட்டார். அதற்கும் "யெஸ், சேர்." துரையின் முகம் மலர்ந்தது. இனித் தாமதிக்கக் கூடாது என்று பக்கத்துக் கதிரையில் இருந்து, கையை நீட்டிச் சால்வையைப் போட்டேன்.

துரை திகைக்கவில்லை. முத்துக்குளிப்புக் காலத்தில் சிலாவத்துறையில் வேலை பார்த்தவர். துணிக்குள் கைபோட அவருக்கும் தெரியும். முதலில் மூன்று விரலைப் பிடித்தார். மூன்று நூறாம். அவமானம். நான் இரண்டு தரமாக ஒன்பது பிடித்தேன். அவர் நாலு. நான் முறைத்தேன். அவர் ஐந்து. நான் கையை உதறுவதுபோல் உதறினேன். ஏழு. நான் எழுந்து நின்றேன். எட்டுக்கு வந்தார். இறுக்கினேன். விட்டேன்.

இந்தக் கரையில் நான் பேசின பேரங்களிலெல்லாம் இதுதான் தலையாயது. துரை வியர்வையைத் துடைத்துக்கொண்டு, திரையைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கி நன்றி சொல்லிவிட்டுப் போனார். எனக்குச் சொல்லவில்லை. அதை நான் பெரிதாக எடுக்கவில்லை.

"புள்ள, இஞ்ச வா" என்றேன். "கை விட்டாச்சு. நீயும் இருந்து கேட்டனீ."

"ஓம், கேட்டனான்."

"ஒரு சொல்லு மறுக்கேல்ல."

"மறுக்கேல்ல."

"அப்ப கேட்டுக்கொள். கிணத்தடிக் காணி போட்டுது."

உம்மு ஸல்மா திரையை விலக்கிக்கொண்டு வந்து, துரை இருந்த கதிரையில் இருந்தாள்.

"கிணத்தடிக் காணி எங்கையும் போகேல்ல. உங்கட வாடிதான் போனது. ரெண்டு வருஷத்துக்கு, வாடகைக்கு."

"ஆர் குடுத்தது?"

"நீங்கள்தான். மூண்டு தரம் யெஸ் சேர் எண்டனீங்கள்."

"தேத்தண்ணி கேட்டனான் எண்டாய்?"

"அதுவும் கேட்டனான். வேண்டாமெண்டார். மிச்ச நேரம் வாயை மூடிக்கொண்டு இருக்கேலுமே? காணி என்ர பேரில, அந்தத் தண்ணியைத் தெருவே குடிக்குது, விக்கிறதில்லை எண்டு சொன்னன். என்ர ஹஸ்பன்டுக்குக் கடற்கரையில நல்ல வாடி இருக்கு, நல்ல காத்து, தூண்டில் போட நல்ல இடம், அதைத் தரத்தான் வரச் சொன்னவர், கேக்க வெக்கப்படுறார் எண்டன். உண்மையோ எண்டு உங்களையே கேட்டார்."

"எட்டு நூறு..." என்றேன்.

"எட்டு ரூவா. மாசத்துக்கு."

ஐயா, நான் ஒரு விரலை நூறு என்று பிடித்திருக்கிறேன். துரை ஒரு ரூபாய் என்று பிடித்திருக்கிறார். என் கதிரையை உதைத்தேன். அது தேக்கு. காலைப் பிடித்துக்கொண்டு, துரையைத் துரத்துவோமா என்று வாசல் வரைக்கும் நொண்டினேன். அங்கேயே நின்றுவிட்டேன். கையை விட்டாயிற்று. விட்ட கையை மறுக்கக் கூடாதென்று கரையில் பத்துப் பேரை மூக்கறுத்தவன் நான்.

"உனக்கு எப்பிடித் தெரியும் நான் காணி விக்கப் போறன் எண்டு?"

"முதல்ல குதிரை குதிரை எண்டீங்கள். பிறகு ஒரு கிழமை காணி காணி எண்டீங்கள். இந்த வீட்டில இல்லாதது குதிரை. இருக்கிறது காணி."

இவ்வளவும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு சிரிப்பு நின்றது.

"என்ர உம்மா எனக்குத் தந்த கிணறு. அதை எனக்கு விளங்காத பாஷையில, என்ர வீட்டுக்குள்ள இருந்துகொண்டே விக்கப் பார்த்தனீங்கள்."

நான் குனிந்து காலைத் தேய்த்தேன்.

"எந்தப் பாஷையில வித்தீங்களோ, அந்தப் பாஷையிலயே மன்னிப்புக் கேளுங்கோ. அதுவரைக்கும் எனக்குத் தமிழ் வராது."

இன்றைக்கு ஆறாம் நாள். வரவில்லை.

என்ன கேட்டாலும் இங்கிலீசில்தான் பதில். இங்கிலீசில் கேட்டால்தான் சோறு. உம்முடைய சாப்பாட்டுப் பாடத்தைப் புரட்டிப் பார்த்தேன். பாண் இருக்கிறது, வெண்ணெய் இருக்கிறது, முட்டை இருக்கிறது. ஒடியற் கூழ் இல்லை, புட்டு இல்லை. ஆறு நாளாகப் பாணும் முட்டையும் தின்கிறேன். போய்ப் படுக்க வாடியும் இல்லை. சாய்மனைக் கதிரையில் துரை கிடக்கிறார். நேற்று அவள் ஏதோ நீளமாகச் சொன்னாள். பழக்கத்தில், "யெஸ், சேர்" என்றுவிட்டேன். அதற்கு என்ன சம்மதித்தேன் என்று இன்னும் தெரியவில்லை. காலையில் அப்துல் றசாக் வந்து, கிணற்றுக்குக் கட்டுக் கட்டக் கல் சுமக்க நான் எப்போது வருகிறேன் என்று கேட்டுவிட்டுப் போனான்.

மன்னிப்புக் கேட்க எனக்கு மனம் இல்லாமல் இல்லை. தமிழில் பத்துத் தரம் கேட்டுவிட்டேன். காதில் விழாததுபோல் இருக்கிறாள். உம்முடைய நாற்பது பாடத்தையும் இரண்டு தரம் துழாவினேன். குதிரையைக் கட்டு, விளக்கைக் கொளுத்து, சமையற்காரனைக் கூப்பிடு, இவன் சோம்பேறி. எல்லாம் அதிகாரம். ஒரு மனிதன் தன் பெண்சாதிக்கு முன்னால் நின்று, நான் செய்தது பிழை என்று சொல்ல ஒரு வரி இல்லை. கலியாணம் முடிக்காமலே புத்தகம் எழுதினீரா, ஐயா?

ஆகவே நீர்தான் இதைச் செப்பம் செய்ய வேண்டும். நாற்பத்தோராம் பாடம் என்று ஒன்று எழுதும். புருஷன் மன்னிப்புக் கேட்கும் பாடம். தமிழ் எழுத்தில் போட்டு அடுத்த தபாலிலேயே அனுப்பும். விலையை நீரே சொல்லும். நான் மறுபேச்சுப் பேசமாட்டேன். ஆனால் கெதியாய் அனுப்பும். உள்ளே சுறா வறை வறுபடுகிற வாசம் வருகிறது. அதற்கு இங்கிலீசில் என்ன பேரென்று எனக்குத் தெரியாது.